திருப்பிக் கேட்கும் மொழி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். தொடக்கத்தில் சொன்ன நன்றியுரையும் முடிவில் நடந்த கேள்வி நேரமும் இங்கே இடம்பெறவில்லை.)



என்ன பேசுவது என்பதை அறக்கட்டளையினர் என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். பொதுச் சுகாதாரத்தில் பேசப் பெரிய பொருள்கள் எத்தனையோ உண்டு. நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறியது: ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு முடித்த பிறகு அதன் தாயிடம் சொல்லவேண்டிய நான்கு செய்திகள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியர் கல்லூரி மாணவியருக்கு இவை மனப்பாடமாகத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இன்று போட்டது என்ன ஊசி, எந்த நோயைத் தடுக்கும் என்பது முதல் செய்தி. காய்ச்சலோ வீக்கமோ வரலாம், வந்தால் என்ன செய்வது என்பது இரண்டாவது. அடுத்து எப்போது, எங்கே வரவேண்டும் என்பது மூன்றாவது. தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து மறக்காமல் கொண்டுவாருங்கள் என்பது நான்காவது. ஊசி போட்டபின் அரைமணி நேரம் இங்கேயே உட்காருங்கள் என்பதையும் கூடவே சொல்லவேண்டும். இந்தியாவில் தடுப்பூசி போடும் ஒவ்வொரு செவிலியருக்கும் பயிற்சியில் கற்றுத்தருவது இதுதான்.

தடுப்பூசித் தகவலைப் பல மொழிகளுக்குக் கொண்டுபோவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் மனம் துண்டறிக்கைக்குப் போகிறது. மொழிபெயர்த்தோம், அச்சடித்தோம், சுவரில் ஒட்டினோம் என்று கணக்கை முடித்துவிடுகிறோம். என் கட்சி வேறு. ஒரு தாயால் எந்த மொழியில் திருப்பிக் கேள்வி கேட்க முடியுமோ அந்த மொழியில் சொன்னால்தான் அது அவளுக்குத் தகவல். கேட்க வழியில்லாத மொழியில் எதைச் சொன்னாலும் அவளைப் பொறுத்தவரை அது உத்தரவு. இந்த ஒன்றைத்தான் இன்று சில எடுத்துக்காட்டுகளோடு விரித்துச் சொல்லப் போகிறேன்.

1. இரண்டாவது செய்தி இல்லாவிட்டால்

நான்கில் எது போனாலும் நட்டம்தான். உடனடியாக ஊறு செய்வது இரண்டாவது போனால்.

பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியை எடுத்துக்கொள்வோம். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, ஹெபடைட்டிஸ் பி, ஹிப் கிருமித் தொற்று ஆகிய ஐந்துக்கும் எதிரானது. இந்தியாவில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் வந்தது. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என மூன்று தடவை இடது தொடையில் போடுகிறோம். முதல் ஊசி போட்ட அன்று இரவு பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் அடிக்கும். தொடை சிவந்து கல்லு மாதிரி ஆகும். குழந்தை விடாமல் அழும். இது ஒன்றிரண்டு நாளில் தானாகத் தணிந்துவிடும் என்பதைப் பகலிலேயே கேட்டுவிட்டுப் போன தாய், செவிலியர் கொடுத்த பாராசிட்டமாலைச் சொன்ன அளவில் கொடுத்துவிட்டுக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்காமல் போனவளுக்கு அந்த இரவு வேறு மாதிரி நகரும். "நல்லா இருந்த புள்ளையக் கொண்டுபோய் ஊசியக் குத்திட்டு வந்துட்டியே" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் போதும். அடுத்த மாதம் அந்தத் தாய் வரமாட்டாள்.

காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யிலும் இதே கதைதான். பிறந்தவுடன் இடது புஜத்தில் போட்டதை எல்லோரும் மறந்துவிட்ட பிறகு, சில வாரம் கழித்து அந்த இடத்தில் கொப்புளம் கிளம்பிப் புண்ணாகி, மெல்ல ஆறித் தழும்பாகும். ஊசி வேலை செய்யும்போது வழக்கமாக நடப்பது இது. அதில் எண்ணெயோ களிம்போ தடவவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லவில்லையென்றால், சீழ் பிடித்துவிட்டது என்று பதறி வீட்டில் என்னென்னவோ தடவுவார்கள்.

1985 முதல் இந்த நாட்டில் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் நடக்கிறது. மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. குளிர்ப்பெட்டி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம் தமிழ்நாட்டில் இல்லை. புதன்கிழமை என்றால் ஊசி போடும் நாள் என்று பட்டிதொட்டியெல்லாம் தெரியும். இவ்வளவையும் கட்டி எழுப்பிய பிறகு ஒரு இரவுக் காய்ச்சலுக்கான விளக்கம் இல்லாததால் ஒரு குழந்தையை இழக்கிறோம் என்றால், அது மருந்தின் குறையாகாது.

2. சூளையில் ஒரு முற்பகல்

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து, குறிப்பாகப் பலாங்கீர், நுவாபடா பக்கங்களிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள். அறுவடை முடிந்து டிசம்பர், ஜனவரியில் வருவார்கள். மழைக்கு முன்பு ஜூனில் திரும்புவார்கள். ஊரில் முன்பணம் கொடுத்து அவர்களை அழைத்து வருபவரைச் சர்தார் என்பார்கள்.

ஒரு ஜனவரிக் கடைசியில் அப்படியொரு சூளைக்குத் தடுப்பூசி போடச் சென்ற கிராம சுகாதாரச் செவிலியரோடு நானும் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு. அதன்மேல் நீல நிறத் தடுப்பூசிப் பெட்டி, பக்கத்தில் ஊசி முனையை வெட்டிப் போடும் கருவி. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மூன்றரை மாதக் கைக்குழந்தையோடு வந்தாள். இடுப்பு மடிப்பிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அட்டை முழுக்க ஒடியா எழுத்து. நம் செவிலியருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் அவர் தயங்கவில்லை. கட்டங்களின் வரிசை நம் அட்டையில் உள்ளது போலவே இருந்தது. தேதிகள் எண்ணில் எழுதியிருந்தன. கட்டம் கட்டமாக விரலை நகர்த்தி, பிறந்தபோது போட்டது, ஒன்றரை மாதத்தது, இரண்டரை மாதத்தது என்று எண்ணி, இன்று மூன்றரை மாதத்து ஊசிகள் என்று முடிவு செய்தார். இரண்டு மாநிலங்களுக்கிடையே எவரும் ஒரு சொல்கூட மொழிபெயர்க்காமல் தகவல் கைமாறியதைக் கண்ணால் பார்த்தேன். ஒரே மாதிரியான கட்டங்களை வகுத்தவர்களை அப்போது மனதாரப் பாராட்டினேன்.

மூன்றரை மாதத்தில் இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் நியூமோகாக்கல் ஊசி, வலது புஜத்தில் போலியோ ஊசி என மூன்று குத்து. வாயில் சொட்டு மருந்துகள் தனி. குழந்தை வீறிட்டது. தாய் அதை மார்போடு அணைத்தபடி செவிலியரைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டாள். பக்கத்தில் நின்ற சர்தார், "ஒண்ணுமில்லம்மா, சரின்னு சொல்லுது" என்றார். செவிலியர் நான்கு செய்திகளையும் தமிழில் அழகாகச் சொன்னார். சர்தார் அதை இரண்டு சொல்லில் சுருக்கினார். அவள் தலையாட்டினாள்.

அவள் கேட்டது என்ன என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. பல பருவம் வந்துபோய்த் தமிழ் பேசப் பழகிய ஒரு பெண் அங்கே கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு விசாரித்தோம். அந்தத் தாய் கேட்டிருந்தது இது: "போன தடவை ஒரு ஊசிதானே போட்டார்கள், இந்தத் தடவை ஏன் மூன்று? என் பிள்ளைக்கு ஏதாவது கோளாறா?"

எவ்வளவு சரியான கேள்வி என்று பாருங்கள். அட்டவணைப்படி இரண்டரை மாதத்தில் குத்துவது ஒரே ஊசிதான். அதை மனதில் வைத்திருந்து, இன்று மூன்று என்று கண்டு, இரண்டுக்குமான வித்தியாசத்துக்குக் காரணம் கேட்கிறாள் ஒரு தாய். பள்ளிக்கூடம் போயிருப்பாளா தெரியாது. ஆனால் ஒரு மருத்துவ மாணவரிடம் எதிர்பார்க்கும் கவனிப்பு அவளிடம் இருந்தது. கோளாறு ஒன்றும் இல்லை, இந்த வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் மூன்று, உங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று தமிழ் தெரிந்த அந்தப் பெண் மூலம் செவிலியர் சொன்னார். உடனே அடுத்த கேள்விகள் வந்தன. இன்றைக்குக் குளிப்பாட்டலாமா? இப்போதே பால் கொடுக்கலாமா? ஜூனில் ஊருக்குப் போய்விடுவோமே, ஒன்பதாம் மாத ஊசியை அங்கே போடுவார்களா, இங்கே எழுதியதை அவர்களால் படிக்க முடியுமா?

சர்தாரை நான் குறைசொல்ல வரவில்லை. அவர் வேலை செங்கல் கணக்கு. ஆனால் மொழிபெயர்க்கிறவர் யார் என்பது தகவலின் ஒரு பகுதி. முன்பணம் கொடுத்தவரின் வாய் வழியாக ஒரு பெண் தன் பயத்தைச் சொல்லமாட்டாள். அவர் சொல்லும் எதற்கும் தலையாட்டவே பழகியிருப்பாள். பத்து வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு மொழிபெயர்க்க வைப்பதும் பல இடங்களில் நடக்கிறது. அந்தப் பிள்ளை தனக்குப் புரிந்ததைச் சொல்லும், புரியாததை விட்டுவிடும். விட்டுப்போனது எது என்று இரண்டு பக்கத்தாருக்குமே தெரியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பலாங்கீர்க்காரர்கள் வீட்டில் பேசுவது சம்பல்புரி. கடலோர ஒடிசாவின் பேச்சும் பாடநூல் நடையும் அதிலிருந்து வெகுவாக விலகியவை. சென்னையில் அமர்ந்து நல்ல ஒடியாவில் ஒரு துண்டறிக்கை அச்சடித்தாலும், அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வாய்விட்டுப் படித்தாலும், அந்த வேப்பமரத்தடியில் அது பாதிதான் இறங்கும்.

3. நமக்குக் கேட்ட நியாயம்

2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். பதினெட்டு முதல் நாற்பத்துநான்கு வயது வரையுள்ளவர்கள் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ள கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயம். தளம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. கைபேசியும் ஆங்கிலமும் கைவசம் இருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றமே இது பற்றிக் கேள்வி எழுப்பியது. ஜூன் தொடக்கத்தில் இந்தி, மராத்தி, மலையாளம், பஞ்சாபி, தெலுங்கு, குஜராத்தி, அசாமியம், வங்காளம், கன்னடம், ஒடியா ஆகிய மொழிகள் சேர்ந்தன. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை.

தமிழ்நாடு கொதித்தது. உயிர் காக்கும் ஊசிக்குப் பதிவு செய்யக்கூட எங்கள் மொழி இல்லையா என்று கட்சி வேறுபாடு பாராமல் கேட்டோம். சில நாட்களில் தமிழ் சேர்ந்தது. அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

அதே நியாயத்தின் மறுபக்கத்தில் நாம் இப்போது நிற்கிறோம். திருப்பூர் பனியன் கம்பெனி விடுதிகளில், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றிய குடியிருப்புகளில், சென்னை ஓ.எம்.ஆர். சாலைக் கட்டட வேலையிடங்களில் இந்தியும் போஜ்புரியும் வங்காளமும் ஒடியாவும் பேசும் இளம் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் குழந்தைகளுக்கு நம் செவிலியர்கள் ஊசி போடுகிறார்கள். மறுப்பதில்லை, காசு கேட்பதில்லை, எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை. இந்த மாநிலத்தின் பெருமைகளில் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன். ஆனால் ஊசி போட்டாகிவிட்டது, தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. நமக்கென்று கேட்டதை அவர்களுக்கும் கொடுக்கும் கடமை நம்முடையது. அந்தக் கடமைக்கு டெல்லியிலிருந்து அனுமதி வரவேண்டியதில்லை.

தமிழ் பேசும் குழந்தைகளின் வீடுகளிலும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. "நோய் எதிர்ப்பாற்றல் மேம்படும், பக்கவிளைவுகள் ஏற்படின் மருத்துவரை அணுகவும்" என்று அச்சடித்த தாளை நம் தாய்மார்கள் மடித்து அட்டைக்குள் செருகிக்கொள்கிறார்கள். நர்சம்மா வாயால் சொல்வதைத்தான் கேட்கிறார்கள். நீலகிரியில் இருளர், குறும்பர், தோடர், கோத்தர் குடியிருப்புகளில் வீட்டு மொழியே வேறு. காது கேளாத பெற்றோருக்குச் சைகை மொழி வேண்டும். இவை ஒவ்வொன்றும் தனிச் சொற்பொழிவுக்குரியவை.

4. தாள் இருந்தும்

அமெரிக்காவில் 1986இல் ஒரு சட்டம் வந்தது. குழந்தைகளுக்கான பட்டியலிட்ட தடுப்பூசி எதைப் போடுவதானாலும், ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன்பே அதன் பயனையும் ஆபத்தையும் சொல்லும் தகவல் தாளைப் பெற்றோரிடம் கொடுத்தாக வேண்டும். தொடக்கத்தில் பக்கம் பக்கமாக நீண்ட கையேடுகளாக இருந்தவை பின்னர் இரண்டு பக்கத் தாளாகச் சுருங்கின. அந்தத் தாள்களைப் பல பத்து மொழிகளில் பெயர்த்துத் தரும் பணியை இம்யூனைஸ் டாட் ஆர்க் என்ற தன்னார்வ அமைப்பு நெடுங்காலமாகச் செய்துவருகிறது. சோமாலி மொழித் தாள்களும் அதில் உண்டு. அந்த அமைப்பு இருப்பது மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில். அமெரிக்காவில் சோமாலியர்கள் மிகுதியாக வாழ்வதும் அதே மாநிலத்தில்தான், பக்கத்து நகரமான மின்னியாபொலிஸில்.

அங்கே நடந்ததைக் கேளுங்கள். 2004இல் மின்னசோட்டாவில் சோமாலிக் குடும்பங்களின் இரண்டு வயதுக் குழந்தைகளில் 92 விழுக்காட்டினர் தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருந்தார்கள். அகதிகளாக வந்து மொழி தெரியாமல் தடுமாறிய காலத்தை ஒட்டிய அளவு இது. 2014இல் அது 42 விழுக்காடாகிவிட்டது. 2017இல் அந்த மாநிலத்தில் தட்டம்மை பரவி 75 பேருக்கு வந்தது. பெரும்பாலோர் சோமாலிக் குழந்தைகள்.

இடையில் என்ன நடந்தது? தங்கள் பிள்ளைகளில் ஆட்டிசம் அதிகமாக இருப்பதுபோல் தோன்றி, 2008 வாக்கில் அந்தத் தாய்மார்கள் ஏன் என்று கேட்டார்கள். சுகாதாரத் துறையிடம் சோமாலியில் தாள் இருந்தது, ஆனால் அந்தக் கேள்விக்குத் தாளில் பதில் இல்லை. எதிரே உட்கார்ந்து நேரம் ஒதுக்கிக் கேட்டவர்கள் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள். ஆன்ட்ரூ வேக்ஃபீல்டு நேரிலேயே அங்கே போய்ப் பெற்றோர்களோடு பேசினார். தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட அவருடைய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் விலக்கிக்கொண்டது. மருத்துவர் பதிவேட்டிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது. அந்தச் செய்தியையெல்லாம் அந்தத் தாய்மார்களின் பயம் முந்திக்கொண்டு போய்விட்டது. பிறகு சோமாலி பேசும் சுகாதாரப் பணியாளர்களையும் இமாம்களையும் வைத்து வீடு வீடாக, பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் பேச வேண்டியிருந்தது.

மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அந்தத் தாள்கள் ஒரு பெரும் சேவை, நம்மிடம் அந்த அளவுக்குக்கூட இல்லை. தாள் கொடுப்பவரின் முன்னால் கேள்வி கேட்பவருக்கு ஒரு நாற்காலியும் வேண்டும் என்பதே நான் சொல்வது.

5. முழு உண்மையைச் சொல்வது

கேள்விக்கு இடம் கொடுத்தால் கடினமான கேள்விகளும் வரும். வரட்டும். நம் மாநிலத்தின் அனுபவமே அதற்குத் துணையாக இருக்கிறது.

பி.சி.ஜி. இயக்கம் 1948இல் அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளியில் தொடங்கியது. அதைக் கடுமையாக எதிர்த்தவர் ராஜாஜி. 1955இல் ஏன் எதிர்க்கிறேன் என்று ஒரு சிறுநூலே வெளியிட்டார். அவருடைய வாதங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்பவன் இல்லை. ஆனால் ஒரு பெருந்தலைவர் கேட்ட கேள்விக்கு ஆராய்ச்சியால்தான் பதில் சொல்ல முடியும். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வைத்து உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. வளர்ந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அங்கே அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. சின்னக் குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து அது காப்பாற்றுகிறது என்பதால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம்.

இப்போது முதல் செய்திக்கு வாருங்கள். இது என்ன ஊசி, எதைத் தடுக்கும்? "காசநோய் வராமல் தடுக்கும்" என்று சொல்லி அனுப்பினால், இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைக்குக் காசநோய் வரும்போது நாம் பொய்யராகிறோம். "குழந்தையாக இருக்கும்போது மூளைக்குப் போகும் காசநோயிலிருந்து காப்பாற்றும்" என்று சொல்லக் கூடுதலாக ஒரு மூச்சுதான் ஆகும். மொழிபெயர்க்கும்போது முதலில் கழன்று விழுவது இப்படிப்பட்ட வரம்புகள்தான். பக்கவிளைவுப் பத்தியும் சேர்ந்தே விழும். சொன்னால் பயப்படுவார்கள் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. சொல்லாமல் விட்டதால் வரும் பயத்தைத் திருப்பி அனுப்ப எந்தத் துறையாலும் முடியவில்லை.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது அதைப் பார்த்தோம். ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர் வரை அனைவருக்கும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் போடத் திட்டம். தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பிவிட்டது. அது வந்த மொழியைக் கவனியுங்கள்: பக்கத்து வீட்டு அக்கா பேசுவதுபோன்ற குரல் பதிவு. அதற்கு எதிராகப் போனது செய்திக் குறிப்பு. பெற்றோர்கள் பள்ளி வாசலில் நின்று ஆசிரியர்களைக் கேட்டார்கள். இப்போது ஏன் இந்த ஊசி, ஏற்கெனவே போட்டிருக்கிறோமே, இரண்டாவது தடவை போட்டால் ஆகாதா? ஆசிரியர்களுக்குப் பதில் சொல்லித்தரப்படவில்லை. பிப்ரவரியிலேயே முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது. ஒரே மொழி பேசும் ஊரில், தாய்மொழியிலேயே, இந்த இடைவெளி விழுந்தது.

அரைமணி நேரம் உட்காரச் சொல்வதற்கும் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். மிக மிக அரிதாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரலாம், வந்தால் உடனே மருந்து கொடுக்க நான் பக்கத்தில் இருக்கிறேன், அதற்காகத்தான் உட்காரச் சொல்கிறேன் என்று சொன்ன செவிலியரிடமிருந்து தாய்மார்கள் எழுந்து ஓடியதை நான் பார்த்ததில்லை. காரணம் தெரியாதவர்கள்தான் ஐந்து நிமிடத்தில் பேருந்துக்கு ஓடுகிறார்கள்.

6. யார் சொல்கிறார்கள்

2006இல் இந்தியாவில் 676 பேருக்குப் போலியோ வந்தது. அதில் 548 உத்தரப் பிரதேசத்தில். சொட்டு மருந்து மலடாக்கும் என்ற வதந்தி அங்கே இஸ்லாமியக் குடியிருப்புகளில் பரவியிருந்தது. மொழி ஒரு தடையாக இல்லை, விளம்பரமும் அவர்கள் பேசும் மொழியில்தான் இருந்தது. ஆனால் மக்கள் கேட்ட கேள்வி வேறு: சாக்கடை இல்லை, காய்ச்சலுக்கு மருந்து இல்லை, பிரசவத்துக்கு மருத்துவர் இல்லை, இந்தச் சொட்டு மருந்தோடு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வீட்டு வாசலுக்கு வருகிறீர்கள்?

அந்தந்தத் தெருவிலேயே குடியிருக்கும் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, தங்கள் பகுதி வீடுகளோடு தொடர்ந்து பேசவைத்தது யுனிசெஃப் உதவியோடு நடந்த சமூகத் தொடர்பு வலையமைப்பு. மசூதி இமாம்களும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் சேர்ந்தார்கள். கேள்விகள் மேலே போய்ச் சேர்ந்தன. திட்டமே மாறியது. உத்தரப் பிரதேசம், பீகாரில் மிகவும் பாதிக்கப்பட்ட 107 வட்டாரங்களில் சொட்டு மருந்தோடு சுத்தமான குடிநீர், கழிப்பறை, வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல், வழக்கமான தடுப்பூசி எல்லாம் சேர்ந்து போயின. 2011 ஜனவரி 13இல் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வந்ததே காட்டு வைரஸால் இந்தியாவில் வந்த கடைசிப் போலியோ. 2014 மார்ச் 27இல் நாம் உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ அற்ற பகுதி என்ற சான்று கிடைத்தது.

திருப்பிக் கேட்க இடம் கொடுத்தால், கேட்பவரோடு கொடுப்பவரும் மாறவேண்டியிருக்கும். இந்த எடுத்துக்காட்டை நான் எங்கு போனாலும் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

7. செய்யக்கூடியவை

முன்வரிசை மாணவியருக்கு முதலில். நான்கு செய்திகளையும் சொல்லி முடித்ததும், "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "வீட்டுக்குப் போனதும் உங்க மாமியார் கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். ஊரில் இருக்கும் கணவர் போனில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றும் கேட்கலாம். தாய் தன் வாயால் சொல்லிக்காட்டும்போது எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

அரசுக்குச் சில. ஒவ்வொரு சூளையிலும், ஒவ்வொரு பெரிய வேலையிடத்திலும் அன்று கல் அடுக்கிக்கொண்டிருந்தவளைப் போல ஒரு பெண் இருக்கிறாள். அவளைக் கண்டுபிடித்து, சில நாள் பயிற்சி கொடுத்து, தடுப்பூசி நாளில் அவள் இழக்கும் கூலியை ஈடுசெய்து, செவிலியரின் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். அடுத்தது, 104 மருத்துவ உதவி எண். இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது அழைத்தால் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் பேச ஆள் கிடைக்க வேண்டும். மூன்றாவது, அச்சடிக்கும் எதையும் சில தாய்மார்களிடம் வாசித்துக்காட்டி அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்ட பிறகே அச்சுக்கு அனுப்புவது. அதில் தேதியும் வேண்டும். நியூமோகாக்கல் ஊசி 2021இல் சேர்ந்தது, போலியோ ஊசியின் மூன்றாவது தவணை 2023இல் ஒன்பதாம் மாதத்துக்கு வந்தது. அட்டவணை மாறினாலும் பழைய மொழிபெயர்ப்புகள் சுவரில் அப்படியே ஒட்டியிருக்கின்றன.

இந்த அறக்கட்டளையைப் போன்ற அமைப்புகளிடமும் ஒன்று கேட்பேன். மூன்றரை மாதத்து ஊசிகளுக்கான நான்கு செய்திகளை, "ஏன் மூன்று ஊசி?" என்ற கேள்விக்கான பதிலோடு சேர்த்து, பலாங்கீர்ப் பெண் ஒருவரின் குரலில் சம்பல்புரியில் பதிவு செய்தால் மூன்று நான்கு நிமிடம்தான் வரும். போஜ்புரியிலும் வங்காளத்திலும் அதேபோல் ஒன்று. செவிலியரின் கைபேசியிலிருந்து தாயின் கைபேசிக்கும், அங்கிருந்து ஊரிலிருக்கும் மாமியாரின் கைபேசிக்கும் அது போகும். பதிவின் முடிவில், சந்தேகம் இருந்தால் யாரைக் கேட்கலாம் என்ற பெயரும் எண்ணும் வேண்டும். டிசம்பரில் அடுத்த சூளைப் பருவம் தொடங்குகிறது. நவம்பருக்குள் இதை முடித்துவிடலாம்.